அவிழ்க்க நாள் குறித்த முடிச்சு: அமெரிக்காவின் மஞ்சள் ரிப்பன்

தொலைவில் இருப்பவர், குறிப்பாகப் போருக்குப் போன படைவீரர், திரும்பி வரக் காத்திருப்பதைக் காட்ட அமெரிக்காவில் 'மஞ்சள் ரிப்பன்' என்ற பெயரில் இரண்டு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று மரத்தில் கட்டுவது: ஏறக்குறைய மூன்று மீட்டர் துணி, ஒரு முடிச்சு, இரண்டு காது, தொங்கும் இரண்டு வால். மற்றது காரின் பின்புறத்தில் ஒட்டுவது: ஒரு சாண் உயரக் காந்தத் தகடு, மேலே ஒரு வளைவு, கீழே ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு கால், அதன்மேல் 'சப்போர்ட் அவர் ட்ரூப்ஸ்' (நம் படைவீரர்களுக்குத் துணை நிற்போம்) என்று மூன்று சொல். இரண்டும் ஒரே சின்னம் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். அதன் அர்த்தம் பற்றி முடியாமல் நடக்கும் சண்டைக்குப் பாதிக் காரணம் அந்தக் குழப்பம்தான். மரத்து ரிப்பனை ஒருநாள் அவிழ்த்தாக வேண்டும். கட்டும்போதே அந்த நாளை நினைத்துத்தான் கட்டுகிறார்கள். கார்த் தகட்டுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

முதலில் ஒரு கட்டுக்கதையை ஓரமாக வைத்துவிடலாம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போதே குதிரைப்படை வீரர்களின் மனைவிமார் மஞ்சள் ரிப்பன் அணிந்து காத்திருந்தார்கள் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இதில் ஒரு துளி உண்மை உண்டு: அமெரிக்கக் குதிரைப்படையின் அடையாள நிறம் மஞ்சள், சீருடையின் ஓரப்பட்டையில் அது இருந்தது. மற்றபடி வீரனின் கழுத்தில் மஞ்சள் கைக்குட்டை, காதலியின் கூந்தலில் மஞ்சள் ரிப்பன் என்ற காட்சி பெரும்பாலும் 1949-ல் ஜான் ஃபோர்டு இயக்கி ஜான் வெய்ன் நடித்த 'ஷி வோர் எ எல்லோ ரிப்பன்' (அவள் மஞ்சள் ரிப்பன் அணிந்தாள்) என்ற படம் மனதில் பதித்தது. அந்தப் படத்துக்குப் பெயர் தந்த பாட்டின் ஒரு வடிவம் 1917-ல் பதிப்புரிமை பெற்றது. அதற்கும் முந்தைய பிரிட்டிஷ் உறவுப் பாட்டில் தொப்பியைச் சுற்றிக் கட்டுவது ரிப்பனே இல்லை, வில்லோ மரத்துப் பச்சைத் தழை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையத்தில் பணியாற்றிய ஜெரால்ட் பார்சன்ஸ் இந்த வேரைத் தேடிப் போனார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் வீட்டார் மஞ்சள் ரிப்பன் அணிந்ததற்கு ஆதாரம் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அமெரிக்கப் பேச்சு வழக்கில் ஒருவரை 'மஞ்சள்' என்றால் கோழை என்று அர்த்தம். படைவீரருக்குச் சின்னம் வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்த நிறத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ரிப்பன் வந்தது ஒரு சிறைக் கதையிலிருந்து. தண்டனை முடிந்து வீடு திரும்பும் ஒருவர், 'என்னை ஏற்றுக்கொள்வதாக இருந்தால் மரத்தில் ஓர் அடையாளம் கட்டிவையுங்கள், இல்லையென்றால் இறங்காமல் அப்படியே போய்விடுகிறேன்' என்று முன்கூட்டிக் கடிதம் எழுதிவிடுகிறார். 1959-ல் அச்சான ஒரு வடிவத்தில் அது ஆப்பிள் மரம், வெள்ளை ரிப்பன். 1971 அக்டோபர் 14 அன்று நியூயார்க் போஸ்ட் நாளிதழில் பீட் ஹாமில் எழுதிய பத்தியில் ஓக் மரம், மஞ்சள் கைக்குட்டைகள். அடுத்த ஆண்டு ரீடர்ஸ் டைஜஸ்ட் அதை மறுபதிப்புச் செய்தது. 1973-ல் இர்வின் லெவின், எல். ரஸ்ஸல் பிரவுன் இருவரும் எழுதி, டோனி ஒர்லாண்டோவும் டான் குழுவும் பாடிய பாட்டில் கைக்குட்டை ரிப்பனாயிற்று. அந்த ஏப்ரலில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஹாமில் வழக்குப் போட்டார். அவர் எழுதுவதற்கு முன்பே இந்தக் கதை வாய்வழியாக உலவியதற்கு நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் சான்று காட்டியதும் வழக்கைக் கைவிட்டார்.

இந்தக் கதையில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வருபவர் குற்றம் செய்தவர். கட்டுபவர் வீட்டார். ரிப்பன் என்பது அவர் கேட்ட கேள்விக்கு 'வா' என்ற பதில். அதில் போர் இல்லை, கொடி இல்லை, தேசம் இல்லை. சிங்கப்பூரில் 2004 முதல் சிறை மீண்டோருக்காக நடக்கும் மஞ்சள் ரிப்பன் திட்டம்தான் மூலக் கதைக்கு மிக அருகில் நிற்கிறது. படைவீரர் சின்னமாக அதைப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். உண்மையில் இடம் மாறியது படைவீரர் ரிப்பன்தான்.

அந்த இடமாற்றம் இரண்டு படிகளில் நடந்தது. அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழல் வழக்கில் சிறை சென்ற ஜெப் ஸ்டூவர்ட் மக்ரூடர் 1975-ல் வெளியே வந்தபோது அவருடைய மனைவி கெய்ல் வீட்டு முகப்பில் மஞ்சள் ரிப்பன் கட்டினார். தொலைக்காட்சிச் செய்தியில் அது வந்தது. இது இன்னமும் சிறைக் கதைதான், பாட்டை அப்படியே நடித்துக் காட்டியது. அடுத்த படிதான் பெரியது. 1979 நவம்பர் 4 அன்று ஈரான் தலைநகர் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு, அமெரிக்கர்கள் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டார்கள். அங்கே பொறுப்புத் தூதராக இருந்தவர் புரூஸ் லெயிங்கன். மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் இருந்த அவருடைய மனைவி பென்னி லெயிங்கன் வீட்டு ஓக் மரத்தில் ஒரு மஞ்சள் ரிப்பனைக் கட்டினார். டிசம்பர் 10 அன்று வாஷிங்டன் போஸ்ட் அதைப் பற்றி எழுதியது. அப்போது அமெரிக்காவில் படித்த ஈரானிய மாணவர்கள்மேல் பலருடைய கோபம் திரும்பியிருந்தது. அந்தக் கோபத்துக்குப் பதிலாக உருப்படியாக எதையாவது செய்யுங்கள், ஒரு ரிப்பன் கட்டுங்கள் என்பதுதான் பென்னி சொன்னதன் சாரம். கணவர் வந்து தன் கையாலேயே அவிழ்க்கும்வரை அது மரத்தில் இருக்கும் என்றும் சொன்னார்.

ரிப்பனின் இலக்கணம் முழுவதும் அந்தப் பேச்சில் இருக்கிறது: ஒருவர் பெயர், ஒரு மரம், ஒரு முடிவு. பணயக்கைதிகளின் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அமைப்பை ஏற்படுத்தி ரிப்பனைச் சின்னமாக எடுத்துக்கொண்டன. ரிப்பன் பின்களைச் செய்து தொழிற்சங்கத்தாருக்கும் மாணவர்களுக்கும் கொடுத்தவர்கள், தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர்களையும் விட்டுவைக்கவில்லை. தினமும் மாலையில் நாடே பார்க்கும் முகம், அரசியல் பேசாத முகம். விளம்பரத் தொழிலில் இருப்பவர்களே பொறாமைப்படும் யோசனை. 444 நாட்களுக்குப் பிறகு 1981 ஜனவரி 20 அன்று 52 பேரும் விடுதலையானார்கள். ஐந்து நாள் கழித்து நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின்போது சூப்பர்டோம் அரங்கத்தின் வெளிப்புறத்தையே பிரம்மாண்டமான மஞ்சள் ரிப்பனால் அலங்கரித்தார்கள். அந்த வரவேற்பைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் வியட்நாமிலிருந்து திரும்பிய முன்னாள் வீரர்கள். எங்களுக்கு ஏன் ஒரு முழம் ரிப்பன்கூட இல்லை என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பத்து வருடம் கழித்து நடந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு விதை.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அமெரிக்கா சவுதி அரேபியாவில் படை குவித்தது. அதே மாதங்களில் ஈராக்கிலும் குவைத்திலும் இருந்த அமெரிக்கர்கள் பலர் வெளியேற விடாமல் தடுத்துவைக்கப்பட்டு, டிசம்பரில்தான் விடுவிக்கப்பட்டார்கள். பணயக்கைதிக்கு ரிப்பன் என்ற பழக்கம் படைவீரருக்கு ரிப்பன் என்று வழுக்கிச் சென்றதற்கு இது ஒரு பாலம் என்பது என் கணிப்பு. இன்னொரு காரணம் இன்னும் கனமானது. 1973-லேயே கட்டாய ராணுவச் சேவை நின்றுவிட்டது. வளைகுடாப் போருக்காகப் பணிக்கு அழைக்கப்பட்ட ரிசர்வ், நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படைகளின் வீரர்கள் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். இவர்கள் முகாமில் வாழ்பவர்கள் அல்லர். ஊருக்குள் வேலை பார்ப்பவர்கள். தபால்காரர், பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். ஆகவே ஊரே ஒருவருக்காகக் காத்திருந்தது. மரத்துக்கு மரம் ரிப்பன் ஏறியது.

ஆனால் அர்த்தம் இங்கேதான் முறிகிறது. பணயக்கைதியைத் திருப்பி அனுப்பும் சாவி எதிரியிடம் இருந்தது. அவர் திரும்ப வேண்டும் என்பதில் நாட்டுக்குள் இரண்டு கருத்து இல்லை. படைவீரரை அனுப்பியதும் சொந்த அரசு, திருப்பி அழைக்க வேண்டியதும் சொந்த அரசு. ஆகவே 'வா' என்ற சொல்லை மரத்தில் கட்டினாலே அது வாஷிங்டனை நோக்கிய கோரிக்கையாகிவிடும். அந்தச் சங்கடத்தைத் தாண்டத்தான் 'வா' மறைந்து 'துணை நிற்கிறோம்' வந்தது. முதல் சொல் போனவரைப் பார்த்துப் பேசுகிறது. இரண்டாவது சொல் தெருவில் போகிறவரைப் பார்த்துப் பேசுகிறது: நான் நிற்கிறேன், நீ? 1991 ஜனவரி 17-க்குப் பிறகு, குண்டுவீச்சு தொடங்கியதும், ரிப்பன் கட்டாத வீடு எதைச் சொல்கிறது என்ற கேள்வி எழுந்துவிட்டது. ஒரு சின்னம் இல்லாததையும் ஊர் படிக்கத் தொடங்கினால் அது தனிமனிதரின் காத்திருப்பாக இருக்க முடியாது.

இங்கே வடிவத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை. பார்த்தால் சின்ன விஷயம், ஆனால் பலருக்குத் தெரியாதது. 1979-லும் 1991-லும் கட்டிய ரிப்பன்கள் பெரும்பாலும் இரண்டு காது வைத்த முடிச்சுகள். இன்று எல்லாரும் வரையும் அந்த ஒற்றை வளைவு, குறுக்குக் கால் வடிவம் வேறொரு வழியாகப் பரவியது. வளைகுடாப் போர் ரிப்பன்களைக் கண்ட நியூயார்க் கலைஞர்கள் சிலர், விஷுவல் எய்ட்ஸ் என்ற அமைப்பின் வழியாக 1991-ல் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகச் சிவப்பு ரிப்பனை உருவாக்கினார்கள். செய்முறை எளிது: சுமார் 15 சென்டிமீட்டர் துண்டு, நடுவில் மடித்துத் தலைகீழ் 'வி', ஓர் ஊக்கு. அந்த ஆண்டு டோனி என்ற நாடக விருது விழாவில் அது மேடையேறியது. பிறகு மார்பகப் புற்றுநோய்க்கு இளஞ்சிவப்பு, மற்றவற்றுக்கு மற்ற நிறங்கள். 2003-ல் ஈராக் போருக்காகக் காந்தத் தகடு செய்தவர்கள் எடுத்துக்கொண்டது இந்த மடிப்பு வடிவத்தையே. அதாவது மரத்து ரிப்பன் எய்ட்ஸ் இயக்கத்தின் கைக்குப் போய், அங்கே மடிக்கப்பட்டு, நிறத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு காரில் ஏறியிருக்கிறது. போகிற வழியில் முடிச்சு காணாமல் போய்விட்டது. முடிச்சு இல்லையென்றால் அவிழ்ப்பதற்கும் ஒன்றுமில்லை.

தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பொருளே அதன் அர்த்தத்தைத் தீர்மானித்தது. வளையும் காந்தத் தகடு என்பது ஃபெரைட் தூளை ரப்பர் போன்ற பாலிமரில் கலந்து உருட்டியது. காருக்கு வழக்கமான கனம் 0.03 அங்குலம், அதாவது 0.76 மில்லிமீட்டர், இதைவிட மெல்லியது நெடுஞ்சாலைக் காற்றில் பறந்துவிடும். மேலே வினைல், அதில் அச்சு, அதற்கும் மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. மலிவான தகடுகளில் கடைசி அடுக்கு இருக்காது. அச்சு மைகளில் வெயிலுக்கு முதலில் பலியாவது மஞ்சளும் மெஜந்தாவும்தான். கறுப்பு நின்று பிடிக்கும். ஆகவே ஒன்றிரண்டு கோடை கழிந்ததும் மஞ்சள் ரிப்பன் வெள்ளை ரிப்பனாகி, எழுத்து மட்டும் கறுப்பாக மிஞ்சும். போர் எப்போது முடியும் என்று தெரியாத 2005, 2006-ல் வெளுத்த ரிப்பனோடு ஓடிய கார்களைப் பார்த்துக் கேலி செய்தவர்களும் உண்டு, வருந்தியவர்களும் உண்டு. சீனாவில் செய்தது என்ற அச்சைத் தகட்டின் பின்னால் கண்டு முணுமுணுத்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள்.

ஒட்டும் இடத்திலும் தவறுகள் நடக்கின்றன. காந்தம் எஃகில் மட்டுமே பிடிக்கும். பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஃபோர்டு எஃப்-150 டிரக் 2015 மாடலிலிருந்து அலுமினிய உடலுக்கு மாறியபோது, இத்தகைய தகடுகளை அதிகம் சுமந்த வண்டி வகை ஒன்றில் அவை ஒட்டாமல் போயின. அடிபட்டுப் புட்டி வைத்து நிரவிய இடத்திலும் பிடிக்காது. ஒட்டுமுன் தகட்டின் பின்புறத்தையும் பெயின்ட்டையும் கழுவித் துடைத்து, இரண்டும் முழுக்கக் காய்ந்த பிறகே வைக்க வேண்டும். இடையில் சிக்கும் மணல் உப்புத்தாள் வேலை செய்யும், சிக்கும் ஈரம் கொப்புளம் கிளப்பும். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியானால் சில வாரமாவது பொறுக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது, வெயில் கடுமையான ஊரில் வாரம் ஒருமுறை, எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். விளிம்பை நகத்தால் நெம்பி இழுக்கக் கூடாது. குளிரில் விறைத்த தகடு முறிந்துவிடும். வண்டி கொஞ்சம் சூடான பிறகு ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் வரும். இவை எதையும் செய்யாமல் மூன்று நான்கு வருடம் விட்டுவிட்டால், சுற்றியுள்ள பெயின்ட் வெளுத்து, தகடு இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் ரிப்பன் வடிவத்திலேயே நிற்கும். பாலிஷ் போட்டாலும் சுலபத்தில் போகாது. கருத்து மாறித் தகட்டை எடுத்தவர்களுக்கு இது பெரிய தலைவலி.

இந்தக் காலத்தில் சண்டை எப்படி நடந்தது என்றால், ரிப்பனை யாரும் தூக்கியெறியவில்லை, அதன்மேல் எழுதும் வாசகத்துக்காக அடித்துக்கொண்டார்கள். போரை ஆதரித்தவர்களுக்கு அது 'வீரர்களை மதித்தால் போரைக் குறை சொல்லாதே' என்றது. பிள்ளைகள் படையில் இருக்கும்போதே போரை எதிர்த்த குடும்பங்கள் 2002-ல் 'மிலிட்டரி ஃபேமிலீஸ் ஸ்பீக் அவுட்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தன. அவர்கள் தரப்பின் முழக்கம் 'இப்போதே அவர்களை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்' என்பது. யோசித்துப் பார்த்தால் பென்னி லெயிங்கன் கட்டிய ரிப்பனின் அர்த்தத்துக்கு நெருக்கமானது இந்த இரண்டாவது வாசகம். முன்னாள் வீரர்கள் சிலரின் மனக்குறை வேறு: காரில் ஒட்டச் சில டாலர் போதும், சிகிச்சைக்கு நாங்கள் வரிசையில் நிற்கும்போது அந்தக் கார்கள் எங்கே போகின்றன? இன்னும் சிலர் இந்த எல்லா வாதத்தையும் ஒதுக்கிவிட்டு, தெரியாத ஊரில் ஒரு ரிப்பனைப் பார்த்தாலே நெஞ்சு நிறைகிறது என்பார்கள். அதையும் பொய் என்று தள்ள முடியாது. என்னைக் கேட்டால், 'துணை' என்ற சொல்லோடு 'எப்படி', 'எதுவரை' என்ற இரண்டையும் சேர்க்காத எந்த ரிப்பனும் இந்தச் சண்டையிலிருந்து தப்பாது.

கனடாவிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. ஆப்கானிஸ்தானில் கனடிய வீரர்கள் இறந்துகொண்டிருந்த 2007-ல், டொரன்டோ நகரத் தீயணைப்பு வண்டிகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் இருந்த ரிப்பன் ஒட்டிகளை எடுப்பதா விடுவதா என்று பெரிய விவாதம். வீரர்களுக்கு மரியாதை என்றது ஒரு பக்கம். நகராட்சி வண்டி போருக்கு ஓட்டுப் போடுவது போலாகும் என்றது மறுபக்கம். கடைசியில் நகர மன்றம் ஒட்டிகள் இருக்கட்டும் என்று முடிவெடுத்தது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்றால், ஏறக்குறைய எங்குமே இல்லை. ஒப்பிட ஒரு நல்ல உதாரணம் நீல நட்சத்திரக் கொடி. முதல் உலகப் போரில், 1917-ல் தோன்றியது: சிவப்பு ஓரம், வெள்ளைப் பரப்பு, பணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நீல நட்சத்திரம், இறந்தால் அது தங்க நட்சத்திரமாகும். போர்க்காலத்தில் பணியில் இருப்பவரின் நெருங்கிய குடும்பத்தார் வீட்டு ஜன்னலில் வைக்கலாம் என்று கூட்டரசுச் சட்டத் தொகுப்பின் 36ஆம் தலைப்பு, 901ஆம் பிரிவு சொல்கிறது. வடிவத்துக்குப் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் உண்டு. அதனால்தான் அந்தக் கொடியின் அர்த்தம் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை; பக்கத்து வீட்டுக்காரர் அதை வைக்க முடியாது. மஞ்சள் ரிப்பனை யார் வேண்டுமானாலும் கட்டலாம். அதன் பலமும் அது, கோளாறும் அது.

பொது இடத்தில் கட்டும்போதுதான் சட்டம் தலைகாட்டும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கலிஃபோர்னியா நெடுஞ்சாலை மேம்பாலங்களில் தேசியக் கொடிகளைத் தொங்கவிட்டார்கள். போக்குவரத்துத் துறை அவற்றை விட்டுவைத்தது. பக்கத்தில் போரைக் கேள்வி கேட்கும் பதாகையை மாட்டியபோது அதை மட்டும் எடுத்தார்கள். 2003-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒன்றை விட்டு மற்றதை எடுப்பது கருத்துப் பாகுபாடு என்றது. ரிப்பன் கட்ட அனுமதி கேட்டு வருபவர்களிடம் நகராட்சிகள் தயங்குவதற்கு இப்படிப்பட்ட வழக்குகள் காரணம். தெரு மரத்தில் தனியார் ஒரு ரிப்பனை அனுமதித்தால் நாளை அதே மரத்தில் எதிர்க்கருத்தையும் அனுமதிக்க வேண்டி வரும். நகரமே தன் பெயரில் கட்டினால் அது அரசின் சொந்தப் பேச்சு, கதை வேறு. ஆகவே சொந்த முற்றத்து மரம்தான் உத்தமம். வாடகை வீடோ குடியிருப்போர் சங்கமோ என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கட்டும் முறைக்கு வருவோம். அகலம் 2.5 முதல் 4 அங்குலம். இதைவிட ஒடுங்கியது தெருவிலிருந்து தெரியாது, பட்டையிலும் அழுந்தும். நீளக் கணக்கு எளிது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்குச் சுற்றளவு 126. தளர்வுக்கு 5, முடிச்சுக்கு 15, காது ஒன்று 20 உயரம் என்றால் இரண்டு காதுக்கும் போக வர 80, வால் ஒவ்வொன்றும் 45 என்றால் 90. மொத்தம் 316, அதாவது 3.2 மீட்டர். பத்து கெஜச் சுருளில் இரண்டு மரம் கட்டிக் கொஞ்சம் மிஞ்சும். அசிடேட் சாட்டின் கடையில் பளபளக்கும், முதல் மழையில் துவண்டு தொங்கும். பருத்தி இற்றுப்போகும். பாலிப்ரொப்பிலீன் ஈரத்தைத் தாங்கும். ஆனால் வெயிலைத் தாங்கும் சேர்மானம் கலக்காததாக இருந்தால் சில மாதத்தில் மொறுமொறுத்துச் சிம்பு சிம்பாக உதிர்ந்து புல்வெளியில் கிடக்கும். வெளிப்புறத்துக்கென்றே விற்கும் பாலியெஸ்டர்தான் நிற்கும். வெட்டிய முனைகளைச் சாய்வாக வெட்டி, தீக்கொழுந்தைக் கிட்டக் காட்டி உருக்கி அடைத்தால் நூல் பிரியாது.

மரத்தை நெரிக்காமல் கட்டுவதுதான் பலர் தவறும் இடம். பட்டைக்கு அடியில்தான் இலை சமைத்த உணவு கீழே இறங்கும் திசு இருக்கிறது. நன்றாக வளரும் மரம் ஓராண்டில் 1 சென்டிமீட்டர் பருத்தால் சுற்றளவில் 3 சென்டிமீட்டர் கூடும். 2007 ஏப்ரலில் ஈராக், ஆப்கானிஸ்தான் பணிக்காலத்தைத் தரைப்படை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டியது. அப்படிப்பட்ட காத்திருப்பில் இறுக்கிய கட்டு மரத்தைக் கடிக்கத் தொடங்கிவிடும். ரிப்பனுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள். துணி ரிப்பன் பெரும்பாலும் தானே அறுந்து மரத்தைக் காப்பாற்றிவிடும். உண்மையான ஆபத்து ஓரத்தில் கம்பி வைத்த அலங்கார ரிப்பன், நைலான் கயிறு, பிளாஸ்டிக் கட்டு இவற்றால். ஆணியும் ஸ்டேப்பிளும் வேண்டவே வேண்டாம். மின்கம்பத்தில் கட்டாதீர்கள், ஏறுகிற ஊழியருக்கு ஆபத்து.

கட்டுவதற்கு முன் இன்னொன்றை யோசிக்க வேண்டும். படையினர் குடும்பங்களுக்குச் சொல்லப்படும் பாதுகாப்பு அறிவுரைகளில் இது அடிக்கடி வரும்: வீட்டு வாசலில் ரிப்பனும், பெயரும், படைப்பிரிவும், திரும்பும் தேதியும் எழுதினால் அது அந்நியருக்குச் சொல்லும் செய்தி 'இந்த வீட்டில் ஓர் ஆள் குறைவு' என்பது. வெறும் ரிப்பன் போதும், எழுத்து வேண்டாம். தெருவில் எல்லா வீட்டிலும் கட்டினால் எந்த வீடு என்று தெரியாது. பக்கத்து வீட்டார் கட்டும் ரிப்பனுக்கு இப்படி ஒரு நிஜமான உபயோகம் உண்டு.

பெயரளவில் ரிப்பன் அரசுத் திட்டங்களுக்குள்ளும் போயிற்று. மினசோட்டா நேஷனல் கார்டின் ஒரு படையணி ஈராக்கில் சுமார் 16 மாதம் இருந்து 2007-ல் திரும்பியது. அவர்களுக்காக அந்த மாநிலம் உருவாக்கிய திட்டத்துக்கு 'மஞ்சள் ரிப்பனுக்கு அப்பால்' என்று பெயர். அந்த 'அப்பால்' என்ற சொல்லில் ஒரு குத்தல் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 2008-ல் பாதுகாப்புத் துறைக்கான சட்டம் அதை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டபோது 'அப்பால்' போய், மஞ்சள் ரிப்பன் மறு ஒருங்கிணைப்புத் திட்டம் ஆயிற்று. பணிக்குப் போகுமுன்னும், போன பிறகு குடும்பத்துக்கும், திரும்பியபின் ஏறக்குறைய 30, 60, 90 நாள் இடைவெளியில் வீரருக்கும் கூட்டங்கள். திரும்பிய முதல் வாரத்தில் எல்லாரும் 'நன்றாக இருக்கிறேன்' என்றே சொல்வார்கள்; தூக்கமின்மை, கோபம், குடி எல்லாம் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். அந்த இடைவெளிகளின் காரணம் அதுதான்.

கல்விக்கான மஞ்சள் ரிப்பன் திட்டம் இதிலிருந்து வேறு. பெயர் ஒன்றானதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னாள் வீரர்களின் படிப்புச் செலவுக்கு அரசு தரும், 2001-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் உதவியில் தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டும் தொகை 10,000 டாலர் என்று வையுங்கள். கல்லூரி 5,000 விட்டுக்கொடுத்தால் முன்னாள் வீரர் நலத் துறை 5,000 போடும். கல்லூரி 2,000 மட்டும் தந்தால் துறையும் 2,000 மட்டுமே, மீதி 6,000 மாணவர் தலையில். சிக்கல்கள் இவை: எல்லாக் கல்லூரியும் இதில் இல்லை, இருக்கும் கல்லூரியும் இத்தனை பேர், இன்ன துறை என்று வரம்பு வைக்கலாம், நூறு சதவீத உதவிக்குத் தகுதி பெற்றவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கும். இடம் உண்டா என்று சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, அவிழ்ப்பது. ஒரு வருடம் மழையும் வெயிலும் தின்ற முடிச்சு கையால் அவிழாது, நகம்தான் போகும். திரும்பி வந்தவர் கையில் கத்தரியைக் கொடுத்து, முடிச்சுக்கு நேர் எதிரே, மரத்தின் பின்பக்கத்தில் வெட்டச் சொல்லுங்கள். காதும் வாலும் முடிச்சும் அப்படியே முழுசாகக் கிடைக்கும். அலசி, நிழலில் காயவைத்து, அமிலமில்லாத தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். பென்னி லெயிங்கன் மரத்தில் கட்டிய ரிப்பன் இப்போது காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையத்தில் இருக்கிறது.